ஒன்றேகாலுக்கும் இரண்டுக்கும் நடுவில்

போன வாரம், ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவரிடம், "நீங்க எழுதின சர்வர் தப்பான பதில் குடுக்குதுன்னு தெரிஞ்சா முதல்ல என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். "லாக்ல என்ன நடந்திருக்குன்னு பார்ப்பேன் மேடம். தப்பு எங்கேன்னு கண்டுபிடிச்சு சரி பண்ணுவேன்" என்றார். இருபத்தைந்து வருஷம் இந்த வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். நானும் இதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு சித்திரை மாதம் அந்தப் பதிலால் ஒரு தாய்க்கு மகன் முகம் பார்க்கக் கிடைக்காமல் போனது. அதைச் சொல்கிறேன். சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நான் உங்களுக்குச் சொல்வதற்கு இதைவிட உபயோகமானது வேறு எதுவும் என்னிடம் இல்லை.

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் ஒரு வீட்டு மாடியில்தான் அப்போது எங்கள் ஆபீஸ். மொத்தம் ஐந்து பேர். லிஸ்ப் மொழியில் வெப் சர்வர் எழுதித் தருவது எங்கள் தொழில். முதலாளி அதே வீதியில் குடியிருந்தவர். காலையில் கோயிலுக்குப் போய்விட்டு நெற்றியில் திருமண் காயும் முன்பே ஆபீஸுக்கு வந்துவிடுவார். எனக்கு லிஸ்ப் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

லிஸ்ப்பைப் பற்றி ஒரு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும். மற்ற பல மொழிகளில் ஓடுகிற சர்வரில் திருத்தம் செய்ய வேண்டும் என்றால், நிறுத்தி, திருத்தி, மறுபடி கிளப்ப வேண்டும். லிஸ்ப்பில் ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே போகலாம். ஒரே ஒரு ஃபங்ஷனை, அதாவது ஒரு வேலையைச் செய்கிற சின்னத் துண்டை, புதிதாக எழுதிக் கொடுத்தால் அடுத்த நொடியிலிருந்து சர்வர் புதியதைப் பயன்படுத்தும். பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறவருக்கு எதுவும் தெரியாது. "ஓடிண்டிருக்கறதை நிறுத்தப்படாது, ஸ்டெல்லா. உள்ளே போய் சரி பண்ணிட்டு வந்துடணும்" என்பார் முதலாளி. எனக்கு அது கைவந்த வித்தை. அதில் எனக்குக் கர்வமும் உண்டு.

ஆனால் அப்படிச் செய்த திருத்தம் மெஷினின் நினைவில் மட்டும்தான் இருக்கும். ஃபைலிலும் எழுதி வைக்க வேண்டும். எழுதாவிட்டால், என்றைக்காவது மெஷின் நின்று மறுபடி கிளம்பும்போது பழைய ஃபைலைத்தான் படிக்கும். திருத்தம் போய்விடும்.

எங்கள் வாடிக்கையாளர்களில் பாலக்கரைப் பக்கம் ஒரு நலச் சங்கம் இருந்தது. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்களின் குடும்பங்களுக்காக நடத்தினார்கள். அங்கே யாராவது ஆஸ்பத்திரியில் கிடந்தாலோ, ஜெயிலில் மாட்டினாலோ, இறந்துபோனாலோ, அங்குள்ள தொண்டர்கள் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் போட்டு எங்கள் சர்வருக்குச் செய்தி அனுப்புவார்கள். சர்வர் அது எந்த உறுப்பினர் என்று தேடி, சங்கத்து கிளார்க்குக்கு ஒரு பக்கம் தயார் செய்து கொடுக்கும். குடும்பத்தின் விலாசம், போன் எண், கையெழுத்து வாங்க வேண்டிய கடிதம் எல்லாம் அதில் நிரப்பியே இருக்கும்.

முதலில் நான் எழுதியபோது தேடுவது பெயரை வைத்துத்தான். சங்கம் ஆரம்பித்த காலத்தில் பலர் பாஸ்போர்ட் எண் கொடுக்காமலே சேர்ந்திருந்தார்கள். ஒரு ஆடி மாதம் செயலாளர் போன் செய்தார். சங்கத்தை நடத்தியவர் அவர், ஜவுளிக்கடைக்காரர், நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம்.

"மேடம், ஒருத்தரோட ஆஸ்பத்திரிக் கடுதாசி அதே பேர்ல இருக்கிற இன்னொருத்தர் வீட்டுக்குப் போயிருச்சு. நல்லவேளை, காய்ச்சல்தான். இது பெரிய விஷயமா இருந்தா என்ன ஆகும்?"

அவர் லைனில் இருக்கும்போதே நான் உள்ளே போனேன். பாஸ்போர்ட் எண்ணை வைத்துத் தேடுகிற மாதிரி அந்த ஃபங்ஷனை மாற்றி எழுதினேன். பத்து நிமிஷம். "இப்பப் பாருங்க பாய்" என்றேன். பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ், கை வைக்கிறதுக்குள்ள சரியாயிருச்சே" என்றார்.

அன்றைக்கு ஃபைலில் வேறொரு வேலை பாதியில் நின்றிருந்தது. அதை முடித்துவிட்டு இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்புறம் மறந்துவிட்டேன். ஒன்பது மாதம் சர்வர் நிற்காமல் ஓடியது. சரியாகவும் ஓடியது. அதனால் நினைவுபடுத்த எதுவும் நடக்கவில்லை.

சித்திரைத் தேர் அன்று தேர் எங்கள் வீதியில்தான் வரும். கம்பிகள் தட்டக் கூடாது என்று காலையிலேயே கரண்டை நிறுத்திவிடுவார்கள். வழக்கமாக பேட்டரி தாங்கும். அந்த வருஷம் பேட்டரி பழசாகியிருந்தது. தேர் நிலைக்கு வருவதற்குள் படுத்துவிட்டது. மத்தியானம் கரண்ட் வந்ததும் மெஷின் தானாகவே கிளம்பியது. நான் வந்து பார்த்தேன். எல்லாப் பக்கமும் வந்தன. திருப்தியாக வீட்டுக்குப் போனேன்.

நாலாம் நாள் மத்தியானம். முதலாளி சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். மற்றவர்களும் வெளியே போயிருந்தார்கள். சங்கம் கேட்டிருந்த ஏதோ ஒரு சின்ன மாற்றத்துக்காக அந்த ஃபைலைத் திறந்தேன். தேடுகிற ஃபங்ஷன் பெயரை வைத்துத் தேடிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம் எனக்குப் புரியவில்லை. இதை மாற்றினோமே என்று நினைத்தேன். பிறகு ஆடி மாதமும் தேரும் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன.

தேருக்குப் பிறகு வந்த செய்திகளைப் பார்த்தேன். ஒரே ஒரு மரணச் செய்தி. கா. ஷாகுல் ஹமீது. பட்டியலில் அந்தப் பெயரில், அதே இனிஷியலோடு, இரண்டு பேர் இருந்தார்கள். செய்தியில் வந்த பாஸ்போர்ட் எண் ஒருவருடையது. சர்வர் காட்டியிருந்த குடும்பம் மற்றவருடையது. கடிதத்தில் இறந்தவரின் எண்ணும், உயிரோடு இருப்பவரின் மனைவி பெயரும் சேர்ந்து அச்சாகியிருந்தன. கீழே, "சம்மதம் பெறப்பட்டது" என்று இருந்தது.

அப்போது மணி ஒன்றேகால். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன் என்பது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

போன் மேஜை மேலேயே இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. முதலில் சர்வரைச் சரி செய்துவிடலாம், ஐந்து நிமிஷ வேலை, பாயிடம் பேசும்போது "சரி பண்ணியாச்சு" என்று சொல்லலாம் என்று தோன்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், தப்போடு அவரிடம் பேச எனக்கு வெட்கமாக இருந்தது. ஃபங்ஷனை மறுபடி எழுதினேன். கடிதப் பக்கம் அதோடு ஒத்துவரவில்லை. அதையும் திருத்தினேன். இந்தத் தடவை மறக்காமல் ஃபைலில் எழுதினேன். சோதித்துப் பார்த்தேன். ஒரு பிழை வந்தது. அதையும் பிடித்தேன்.

கை நிதானமாக வேலை செய்தது. அதுதான் இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது. மனசுக்குள், உடம்பு ஊர் வந்து சேர மூன்று வாரம் ஆகும், அதற்குள் திருத்திக்கொள்ளலாம் என்று ஒரு கணக்கு. சம்மதக் கடிதத்தில் இரண்டு வழி உண்டு. உடம்பை ஊருக்கு அனுப்புங்கள் என்பது ஒன்று. அங்கேயே அடக்கம் செய்யுங்கள் என்பது இன்னொன்று. அந்தப் பக்கத்தை எழுதியவளே நான்தான். எதில் டிக் போட்டிருக்கிறது என்று நான் பார்க்கவில்லை.

எல்லாம் சரியானதும் போனை எடுத்தேன். மணி இரண்டு.

பாய் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "மேடம், அடக்கம் இன்னிக்குத்தான்" என்றார். "அந்தப் பொண்ணு அங்கேயே அடக்கம் பண்ணிருங்கன்னு எழுதிக் குடுத்துருச்சு. லுஹர் தொழுகை முடிஞ்சதும் எடுக்கிறாங்க. வைங்க, நான் கூப்பிடுறேன்."

அந்த நாட்டில் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். லுஹர் என்றால் அவர்களுக்கு மத்தியானம், நமக்கு இரண்டரை மணி ஆகும். அங்கே அடக்கத்துக்கு நின்ற தொண்டர் ஒருவர்தான். பாய் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. தெரிந்த வேறு நாலு பேரைக் கூப்பிட்டு அந்தப் பள்ளிவாசலுக்கு ஓடச் சொன்னார். யாரும் பக்கத்தில் இல்லை. மூன்றரை மணிக்கு அந்தத் தொண்டரே திருப்பிக் கூப்பிட்டார். மண் போட்டு முடித்து, கையைக் கழுவிவிட்டு வந்து போனைப் பார்த்திருக்கிறார்.

"நம்ம ஊர் நேரம் ரெண்டு மணி வரைக்கும் வண்டியிலதான் இருந்தேன் பாய். போன் கையிலதான் இருந்துச்சு. பள்ளிவாசலுக்குள்ள போறப்பத்தான் சைலண்ட்ல போட்டேன்" என்றாராம்.

பாய் இதை என்னிடம் அப்படியே சொன்னார். குற்றம் சொல்லவில்லை. நடந்ததைத்தான் சொன்னார். நான் எப்போது கண்டுபிடித்தேன் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

பிறகு அவர் சொன்னார்: "நீங்க வரணும் மேடம். அந்தப் பொண்ணு இத்தா உட்கார்ந்திருக்கு. நான் உள்ள போய்ப் பேச முடியாது." கணவன் இறந்தால் மனைவி நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இருப்பார்கள், வெளி ஆண்கள் எதிரில் வர மாட்டார்கள். "ஆனா ஒண்ணு. அவர் உயிரோட இருக்கிறதை முதல்ல நான் உறுதி பண்ணிக்கிறேன். ஒரு தடவை தப்பாச் சொல்லிட்டோம். ரெண்டாவது தடவை சொல்லக் கூடாது."

அந்த நேரத்தில் அவருக்கு அப்படி யோசிக்கத் தெரிந்தது. எனக்குத் தெரியவில்லை.

உயிரோடு இருந்த ஷாகுல் ஹமீது ஒரு கப்பலில் வெல்டர். கடலுக்குள் போனால் இரண்டு மூன்று வாரம் போன் கிடையாது. செய்தி கேட்டதும் வீட்டில் அவர் எண்ணுக்கு அடித்துப் பார்த்திருக்கிறார்கள். அணைத்து வைத்திருந்தது. அதையே சாவுக்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். இறந்தவரோ ஒரு வீட்டில் டிரைவராகப் போய், அங்கிருந்து விலகி, கிடைத்த வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவர். அறையில் நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரியில் போய்விட்டது. அவருக்காகப் பேசக் கம்பெனி எதுவும் இல்லை. பையில் பாஸ்போர்ட் நகல் மட்டும் இருந்தது.

கப்பல் ஏஜென்ட்டைப் பிடித்து, அவர் மூலமாக கப்பலைப் பிடித்து, வெல்டரின் குரலை ஒரு ஆடியோவாக வாங்குவதற்குள் ஐந்தரை ஆகிவிட்டது. அதற்குள் நான் ஆட்டோ பிடித்துக் காவிரிப் பாலம் தாண்டி பாலக்கரை வந்துவிட்டேன். முதலாளியும் வருகிறேன் என்றார். கூட்டம் வேண்டாம் என்று பாய் சொல்லிவிட்டார்.

அந்த வீட்டில் உள்ளறைக்கு ஒரு திரை போட்டிருந்தது. பாய் கூடத்தில் நின்றார். நான் உள்ளே போனேன். ஷமீமாவுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வெள்ளைப் புடவை. காதிலும் கையிலும் எதுவும் இல்லை. சுற்றி நாலைந்து பெண்கள். மாமியார் சுவரில் சாய்ந்து தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். நான் தரையில் அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"ஷமீமா, என் பேர் ஸ்டெல்லா. சங்கத்துக்குக் கம்ப்யூட்டர் வேலை செய்றேன். உங்க வீட்டுக்காரர் உயிரோட இருக்கார். கப்பல்லதான் இருக்கார். மௌத்தானது அதே பேர்ல வேற ஒருத்தர். நான் எழுதினது தப்பா உங்க வீட்டைக் காட்டிடுச்சு."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முந்தாநாளும் ஒருத்தர் போன்ல இப்படித்தான் நிச்சயமாச் சொன்னார்" என்றாள்.

பாய் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆடியோவைப் போட்டார். காற்றும் மெஷின் சத்தமுமாக ஒரு ஆண் குரல் வந்தது. "ஷமீமா, நான் நல்லாத்தான் இருக்கேன். ஏன் எல்லாரும் என்னையத் தேடுறாங்க? அம்மாவுக்கு ஒண்ணும் இல்லையே?"

மாமியார் அப்படியே தரையில் நெற்றியை வைத்துவிட்டார். பெண்கள் அழுதார்கள். யாரோ ஓடிப்போய் வளையலை எடுத்து வந்து அவள் கையில் போட்டார்கள். ஷமீமா கையைக் கொடுத்தாள். ஆனால் முகம் மாறவில்லை. இரண்டாம் தடவை ஆடியோவைப் போடச் சொல்லிக் கேட்டாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

"அப்ப நான் யாரை அடக்கம் பண்ணச் சொன்னேன், அக்கா?"

நான் சொன்னேன். கே.கே. நகரில் தாயும் ஒரு தங்கையும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இன்னும் தெரியாது. இப்போது அங்கேதான் போகிறோம் என்று.

"அடக்கம் ஆயிருச்சா?"

"மத்தியானம் ஆயிடுச்சு."

"முகத்தைப் பார்க்கப் போட்டோ அனுப்பவான்னு கேட்டாங்க. வேணாம்னுட்டேன். பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். மூணு வாரம் ஐஸ்ல கிடக்க வேணாம், உடனே மண்ணுக்குக் குடுத்துருங்கன்னு நான்தான் சொன்னேன். மாமி ஊருக்குக் கொண்டு வரணும்னாங்க. நான்தான் கேக்கல." புர்காவை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நானும் வர்றேன்."

பாய் வேண்டாம் என்றார். "உனக்கு இது தேவையில்லம்மா. நீ வீட்டுல இரு."

"கையெழுத்துப் போட்டது நான், பாய்" என்றாள். அதற்குமேல் அவர் தடுக்கவில்லை.

வண்டியில் மூன்று பேரும் கிளம்பினோம். வழியில் ஷமீமா சொன்னாள்: "அவங்களை உட்கார வெச்சுச் சொல்லுங்க அக்கா. எங்கிட்ட போன்லதான் சொன்னாங்க. சட்னி அரைச்சிட்டு இருந்தேன்."

கே.கே. நகர் உள்ளே ஒரு வாடகை வீடு. வாசல் அறையில் தையல் மெஷின். தங்கை பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தாள். பாயைப் பார்த்ததும் அவள் மெஷினை நிறுத்தினாள். சங்கத்து ஆள் வீட்டுக்கு வந்தால் என்ன அர்த்தம் என்று அந்தக் குடும்பங்களுக்குத் தெரியும். அந்த அம்மா உள்ளேயிருந்து வந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உடம்பு. எங்கள் மூன்று பேரையும் பார்த்துவிட்டு, "உட்காருங்க" என்றார். அவரும் உட்கார்ந்தார்.

பாய் சொன்னார். அந்த அம்மா, சாவுச் செய்தி கேட்டால் சொல்கிற வசனத்தை, "இன்னா லில்லாஹி" என்று தொடங்கி முழுக்கச் சொல்லி முடித்தார். தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள்.

"எப்ப?"

"அஞ்சு நாளாச்சும்மா."

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமைதான் பேசுவான். அதான் எனக்குத் தெரியலை" என்றார். பிறகு, "மய்யித்து ஊருக்கு எப்ப வருது? அவங்க அத்தாவை அடக்கின இடத்துக்குப் பக்கத்துல இடம் இருக்கு. ஜமாத்துல சொல்லி வெச்சிருக்கேன், எனக்காகத்தான் சொன்னேன். அவனுக்குக் குடுத்துரலாம்" என்றார்.

பாய் "கம்ப்யூட்டர்ல ஒரு தப்பு..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டார். நான் குறுக்கிட்டேன்.

"கம்ப்யூட்டர் இல்லைம்மா. என் தப்பு. நான் செய்திருக்க வேண்டிய ஒரு வேலையைச் செய்யாம விட்டுட்டேன். அதனால உங்க வீட்டுக்கு வர வேண்டிய செய்தி இவங்க வீட்டுக்குப் போயிடுச்சு. இவங்க தன் புருஷன்னு நினைச்சு அங்கேயே அடக்கம் பண்ணச் சொல்லிட்டாங்க. இன்னிக்கு மத்தியானம் அடக்கம் ஆயிடுச்சு."

அவர் ஷமீமாவைப் பார்த்தார். ஷமீமா அவர் காலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "மன்னிச்சிருங்கம்மா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்த அம்மா அவள் தலையில் கை வைத்தார். எடுக்கவே இல்லை. கையை அங்கேயே வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சது?"

குரலில் கோபம் இல்லை. சும்மா தெரிந்துகொள்ளக் கேட்ட கேள்வி. தங்கையும் திரும்பிப் பார்த்தாள். பாயும் பார்த்தார்.

"ரெண்டு மணிக்கும்மா" என்றேன்.

"அடக்கம் எத்தனை மணிக்கு?"

"ரெண்டரைக்கு எடுத்தாங்க" என்றார் பாய். "மேடம் சொன்ன நிமிஷத்துலேருந்து கூப்பிட்டுட்டுத்தான் இருந்தேன். தொழுகையில இருந்ததால எடுக்கல."

அந்த அம்மா தலையை ஆட்டினார். "அப்ப நீங்க என்ன பண்ணியிருக்க முடியும்" என்றார் என்னிடம். "தெரிஞ்ச உடனே சொல்லிட்டீங்க. அல்லாஹ் அவ்வளவுதான் எழுதியிருக்கான்." மகளைப் பார்த்து, "இவங்களுக்குத் தண்ணி குடு" என்றார்.

நான் அந்தத் தண்ணீரை வாங்கிக் குடித்தேன்.

மறுநாள் முதலாளி சர்வரின் லாக் முழுவதையும் உட்கார்ந்து படித்தார். இனிமேல் ஓடுகிற சர்வரில் யார் கை வைத்தாலும், ஃபைலில் எழுதி, இன்னொருவர் பார்த்த பிறகுதான் என்று எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். மாதம் ஒரு தடவை சர்வரை வேண்டுமென்றே நிறுத்திக் கிளப்பிப் பார்க்க வேண்டும் என்றார். ஓடுவதை நிறுத்தக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவர் அவர். மற்றவர்கள் போன பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஒன்றேகாலுக்கு நீ உள்ளே போயிருக்கே."

"ஆமாம் சார்."

"பாய்கிட்ட பேசினது ரெண்டு மணிக்கு."

"ஆமாம் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் உனக்கு எல்லாம் சொல்லிக் குடுத்தேன்னு நினைச்சிண்டிருந்தேன்" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. அவர் இருக்கும்வரை அதைப் பற்றி மறுபடி பேசவும் இல்லை.

இந்த நிகழ்ச்சியைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். தேர், பேட்டரி, ஃபைலில் எழுத மறந்தது, அதிலிருந்து வந்த விதிகள், இதெல்லாம் புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்வதுண்டு. அந்த மறதி மனுஷர் எல்லாருக்கும் வரும். அதற்கு விதி போடலாம். நாற்பத்தைந்து நிமிஷத்தை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அதற்கு விதி போட முடியாது. உங்கள் சர்வர் யாருக்காவது தப்பாகச் சொல்லிவிட்டது என்று தெரிந்தால், அந்தப் பக்கம் ஒரு மனுஷர் அந்தப் பதிலை நம்பி ஏதோ செய்துகொண்டிருக்கிறார். அவர் என்ன செய்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் திரையில் அது இருக்காது. முதலில் அவருக்குப் போன் போடுங்கள். வெட்கத்தோடேயே பேசுங்கள். சரி செய்யாத தப்போடேயே பேசுங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து ஒரு வாரம் கழித்து, நான் தனியாக கே.கே. நகர் போனேன். பொய் சொல்லிவிட்டு அந்த வீட்டுத் தண்ணீரைக் குடித்தது மறக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அந்த அம்மா என்னை அடையாளம் கண்டு உள்ளே கூப்பிட்டார். ஷமீமா இரண்டு தடவை வந்துவிட்டுப் போனாள் என்றும், அவள் வீட்டுக்காரர் கரைக்கு வந்ததும் அந்தக் கபருக்குப் போய் துஆ செய்துவிட்டுப் போட்டோ அனுப்பினார் என்றும் சொன்னார். போனில் காட்டினார். மணல், நம்பர் போட்ட ஒரு கல்.

நான் சொன்னேன். எனக்கு ஒன்றேகாலுக்கே தெரியும் என்று. அப்போதே கூப்பிட்டிருந்தால் தொண்டர் போனை எடுத்திருப்பார் என்று. புரோகிராமைத் திருத்திக்கொண்டிருந்தேன் என்று.

போனில் அந்தப் படம் அணைந்தது. மறுபடி தொட்டு வரவைத்தார்.

"இதை எதுக்கும்மா எங்கிட்ட வந்து சொல்றீங்க?" என்றார். "யாராலயும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னு நினைச்சுத்தான் ராத்திரி கண்ணை மூடிட்டு இருந்தேன். எனக்கு இருந்தது அது ஒண்ணுதான்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார். மன்னித்ததாகவும் இல்லை; மன்னிக்காததாகவும் இல்லை.

தங்கை வாசல்வரை வந்தாள். செருப்பைப் போட்டுக்கொள்ளும் வரை நின்றாள்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம் அக்கா. அன்னிக்கு அம்மா எல்லாத்தையும் சேர்த்து ஒரே அழுகையா அழுதுட்டாங்க. இப்ப மறுபடி அழணும்" என்றாள். "இனிமே வராதீங்க. அம்மாவுக்கு உங்க மேல கோபம் இருக்காது. ஆனா வராதீங்க."

சரி என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். நான் தெருமுனை திரும்பும் முன்பே உள்ளே தையல் மெஷின் ஓடத் தொடங்கியிருந்தது.